கால்வாயின் நடுவில் நின்ற தண்ணீர்

அண்ணன் போன பிறகு அவனுடைய படகு தேவனாம்பட்டினம் கரையில் நீலத் தார்ப்பாய் போர்த்திக் கவிழ்ந்து கிடந்தது. இன்ஜினை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, சாக்கு சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார் அப்பா. அதன் எண்ணெய் வாடை எப்போதும் என் தலைமாட்டில் இருக்கும். எனக்கு அது தொந்தரவாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. வாடை என்று தெரியும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் எல்லாமே எனக்கு அப்படித்தான் இருந்தன. நான் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், “படிச்ச பொண்ணு, அழுத்தமா இருக்குது” என்றார்கள். அழுத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே கைவிட்டுத் தேடினால் எதுவும் தட்டுப்படவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அண்ணன் எட்டாவதோடு நின்று கடலுக்குப் போனான். நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்து, அங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். இப்போதும் நிமிர்கிறது. அந்தப் படகு கொண்டுவந்த மீன்தான் என்னைப் படிக்க வைத்தது. அதனால் அப்பா அதை விற்கப் போகிறார் என்று கேட்டபோது, கூடாது என்று தோன்றியது. கோபமோ அழுகையோ வரவில்லை. கரும்பலகையில் தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் அழிக்கத் தோன்றுமே, அப்படி.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஆளைக் காவு வாங்கிய படகு சும்மா தொழிலுக்குப் போகாது. அந்த வீட்டு ரத்தம் ஒன்று முதலில் அதில் ஏறித் தண்ணீரில் போய்த் திரும்பி வர வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கூட வருவார்கள். அப்படி ஏற ஆள் இல்லாத வீட்டுப் படகை, கதை தெரியாத தூரத்து ஊருக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பேச்சை எடுத்தார். “மரக்காணம் பக்கம் ஒருத்தன் கேக்கறான். குடுத்துடலாம்னு இருக்கறன்.”

“வேணாம்பா.”

“வேணாம்னா ஏறி எடுக்கறது யாரு? எனக்கு அதுல கால் வைக்க முடியல பாப்பா.”

“நான் இருக்கன்ல?”

அப்பா சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “பொம்பளப் புள்ள கடலுக்குப் போயி இந்த ஊருல யாரு பாத்தது? நாட்டார்ங்க ஊர்ப் பஞ்சாயத்துல உக்கார வச்சி கேப்பாங்க.”

“கடல் யாரு சொன்னா? கால்வாய்ல போறன். கால்வாய்க்கு யாரு கேப்பாங்க?”

அவர் காலால் மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, “போயித் திரும்பி வா. வந்தா படகு இங்கயே இருக்கட்டும்” என்றார்.

கால்வாய் யோசனை எனக்குத் திடீரென்று வந்ததில்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றிலிருந்து பிரிந்து, கிள்ளைப் பக்கத்து உப்பங்கழி வரை போகும் பழைய கால்வாயில், இன்ஜின் இல்லாமல் துடுப்பு மட்டும் போட்டுப் போகும் ஒரு படகுச் சவாலை நடத்தலாம் என்று கல்லூரியில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். கால்வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதற்கான விழிப்புணர்வு நிகழ்ச்சி என்று பெயர். அதுவரை அது வெறும் தாள்தான். அப்பாவிடம் பேசிய மறுநாள் அதில் ஒரு விதியைச் சேர்த்தேன்: படகுக்கு மூன்று பேர், மூவரில் ஒருவர் கட்டாயம் பெண்.

“கட்டாயமா மேடம்?” என்றார் முதல்வர்.

“கட்டாயம் சார்.”

அனுமதிக்கு அலைந்ததைத் தனியாக எழுதலாம். ஓர் அலுவலகத்தில், கால்வாய் எங்களுடையதுதான், தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், கரையில் நிற்கும் மரம் மட்டும்தான் எங்களுடையது என்றார்கள். “படகுப் போட்டியெல்லாம் கேரளாவுலதானம்மா நடக்கும்?” என்று கேட்டார் ஒருவர். நான் எல்லா இடத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன். அம்மா இந்த மாதிரி இடங்களில் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். உட்காரச் சொல்லாவிட்டாலும் நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கையெழுத்தும் வந்தபோது மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த அலுவலகத்துக்குப் பஸ் பிடித்தேன்.

என் படகுக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி கல்லூரியில் என்னோடு வேலை செய்யும் தோழி. சிதம்பரத்துக்காரி, கோயில் குளத்தைத் தவிர வேறு தண்ணீரில் கால் நனைத்ததில்லை. இன்னொருவன் அண்ணனின் நண்பன். முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிய அன்று அண்ணனோடு இருந்தவன். அவன் நீந்திக் கரையேறிவிட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது வேகமாக நடப்பான். நானே போய்க் கேட்டேன்.

“நான் வந்தா உங்க அம்மா ஒண்ணும் சொல்லாதா டீச்சரு?” என்றான். சின்ன வயதிலிருந்தே என்னை டீச்சர் என்று கிண்டல் செய்பவன். நான் உண்மையிலேயே டீச்சரான பிறகும் அதே குரலில்தான் கூப்பிடுவான்.

“சொல்லாது.”

“அப்ப வரன். ஆனா துடுப்பு வலிக்கத் தெரியுமா உனுக்கு? பேனா மாரி புடிப்பியா?”

சவால் நாளன்று மினி லாரியில் படகை ஏற்றிப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். கரையில் கொடி, பேனர், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், புளிசாதப் பொட்டலங்கள். அம்மாவும் அப்பாவும் வரவில்லை. படகைத் தண்ணீரில் இறக்கியதும் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். நான் முதலில் ஏறினேன். அடிப்பலகையில் அண்ணன் பச்சைப் பெயின்டில் வரைந்த மீன் பாதி உரிந்திருந்தது. அதன்மேல் கால் வைக்காமல் தாண்டி உட்கார்ந்தேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பலகை ஈரமாக இருக்கிறது என்று தோன்றியது.

கிளம்பும் நேரத்தை முடிவு செய்தது நான். கடலில் ஏற்றம் தொடங்கும் நேரத்தைப் போனில் பார்த்தேன். ஏற்றம் என்றால் கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி வரும் நேரம். அந்தத் தண்ணீரோடு போனால் அதுவே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். அண்ணனின் நண்பனும் முந்தின நாள் நிலாவைப் பார்த்துவிட்டு அதே நேரத்தைத்தான் சொன்னான். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மற்ற படகுக்காரர்களும் தலையாட்டினார்கள். நாங்கள் எல்லோரும் கடலோரத்து ஆட்கள். எங்களுக்குத் தண்ணீர் ஒரே திசையில் ஏறும், ஒரே திசையில் இறங்கும்.

முதல் பாதி அப்படியே நடந்தது. துடுப்பைச் சும்மா தொட்டால் போதும், படகு போனது. இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள். தோழி துடுப்பால் தண்ணீரை எங்கள் முதுகில் அள்ளி ஊற்றிக்கொண்டே வந்தாள்.

“அக்கா, படகுதான் போவணும், தண்ணி நம்மகூட வரக்கூடாது” என்றான் அவன்.

“ரெண்டும் ஒண்ணாதானப்பா போவுது!”

கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்கள். “இன்ஜினு என்னாச்சிடி, அடகு வச்சிட்டீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள்.

பாதி தூரத்தில் படகு நின்றது. மெதுவாகி நிற்கவில்லை, யாரோ கையால் பிடித்ததைப் போல நின்றது. முன்னால் போன கடற்கரைப் படகுகளும் அங்கேயே கிடந்தன. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் கால்வாய்க்கு இரண்டு முனையிலும் முகத்துவாரம் இருக்கிறது. வடக்கே வெள்ளாறு வழியாக ஏறிய தண்ணீர் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதே நேரம் தெற்கே கிள்ளைப் பக்கத்திலிருந்தும் ஏறியது. இரண்டும் இங்கே வந்து முட்டி நிற்கின்றன. இனிமேல் போகும் தூரமெல்லாம் எதிர்த் தண்ணீர். கல்லூரிப் பிள்ளைகளின் சின்னப் படகுகள் எப்படியோ தாண்டிவிட்டன. எங்களுடையது கடலுக்குச் செய்த கனத்த ஃபைபர் படகு.

“ஏ டீச்சரே!” என்று பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் கத்தினார். “இது எந்த பொஸ்தகத்துல போட்டிருந்துச்சி?”

“நீங்களும் ஆமாம்னுதான மாமா தலையாட்டுனீங்க?” என்றேன்.

“படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு ஆட்டுனன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். நின்ற தண்ணீரில் நுரையும் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் பாட்டில்களும் ஓர் ஒற்றைச் செருப்பும் சேர்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கும் போகவில்லை, கரையும் ஒதுங்கவில்லை. அண்ணனின் நண்பன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

“அன்னிக்கு அவன் என்னத்தான் மொதல்ல தள்ளிவுட்டான். நீந்து மச்சான், பின்னால வரன்னான். இத உங்க வீட்டுல யாருகிட்டயும் சொல்லல நான்.”

தோழி என் தோளில் கை வைத்தாள். நான் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. “சரி, வலி” என்றேன்.

கிள்ளைப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது நாங்கள்தான் கடைசி. பரிசெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள். நனைந்த சுடிதாரோடு மேடையேறி நான் நன்றியுரை சொன்னேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. நன்றாகப் பேசினீர்கள் என்று முதல்வர் கைகொடுத்தார். என் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து அவர் கையில் ஒட்டியது.

படகுகளைத் திரும்பக் கொண்டுபோக மினி லாரிகள் வந்திருந்தன. ஏற்பாடு என்னுடையதுதான். எங்கள் படகையும் தூக்கி ஏற்றிக் கயிறு கட்டினார்கள். அண்ணனின் நண்பன் கீழே நின்று தலையைச் சொறிந்தான்.

“லாரியில வந்தா திரும்பி வந்ததா ஆவுமா டீச்சரு?”

நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். சேர்ந்துவிட்டோம், லாரியில் ஏற்றியாகிவிட்டது என்றேன். மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது.

“நான் பரங்கிப்பேட்டக் கரையிலதான் நிக்கறன்” என்றார். “தண்ணியில வருதான்னு பாத்துட்டு நிக்கறன்.”

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். லாரிக்காரர் திட்டிக்கொண்டே இறக்கினார். தோழியை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

“போறதா? எனக்கு இப்பத்தான் துடுப்பு புடிக்கவே வந்திருக்கு” என்று அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குள் ஏற்றம் முடிந்து கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இப்போது தண்ணீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கியது. அதனால் இந்த முறை முதல் பாதி எதிர்த் தண்ணீர். காலையில் குப்பை சுற்றிய இடத்தை வெயில் சாயும் நேரத்தில் தாண்டினோம். அங்கே செருப்பும் இல்லை, நுரையும் இல்லை. அதற்கப்புறம் தண்ணீரே எங்களை எடுத்துக்கொண்டது.

அப்பா முழங்கால் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. படகின் மூக்கைப் பிடித்தார். பிறகு ஓரத்தை அடிமுதல் நுனிவரை உள்ளங்கையால் தடவினார், மாட்டைத் தடவுவது போல. அண்ணனின் நண்பன் இறங்கித் தலைகுனிந்து நின்றான். “சாப்டியாடா?” என்று அப்பா அவனிடம் கேட்டார். என்னிடம், “பாத்து எறங்கு, சேறு” என்றார். படகு எங்களுடையதாகவே இருந்துவிட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது. படகை லாரியில் ஊருக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு நடக்கப்போவதை நான் யோசிக்கவே இல்லை. அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து இன்ஜினை இழுத்தார். துடைத்தார், மாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை கழிந்ததும், அண்ணனின் நண்பனையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன் கடலுக்குப் போனார். படகு இருந்தால் அதில் ஒருவர் போவார். இது எனக்குத் தெரியாமல் எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

“நீ சாதிச்சிட்ட” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. “இனிமே நான்தான் கரையில நிக்கணும்.”

அப்பா திரும்புவதற்கு முன்பே நான் தினமும் சிதம்பரம் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். படகு கரை சேர்ந்ததும் அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுவாள். எடுக்கக் கூடாது. அடித்து நின்றால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அடித்துவிடும். நான் திரையைப் பார்ப்பேன், பையில் போடுவேன்.

போன வாரம் ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டியது, அடிக்கவில்லை. பு.முட்லூர் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே தண்ணீரைப் பார்த்தேன். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதும் அடிக்கவில்லை. பூக்காரம்மா பக்கத்தில் சிமென்ட் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கால்வாயில் வந்த கொப்புளம் காய்ந்து தோல் தடித்த இடம் குத்தியது. அண்ணா, அண்ணா என்று யாரோ சொல்வது கேட்டது. பூக்காரம்மா திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் வாய் என்று தெரிந்தது. கண்ணீர் மூக்கிலும் வாயிலும் வழிந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்போது அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

“எதுக்குடி எடுத்த?” என்றாள் அம்மா. பின்னால் காக்கைச் சத்தமும், யாரோ ஏலம் கூறும் சத்தமும். “எடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? வல சிக்கிக்கிச்சாம், லேட்டாயிடுச்சி. படிச்சவளாம் இவ.”

“அம்மா” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.

“அழுறியா?” என்றாள். பிறகு, “அழு. நான் இங்கதான் நிக்கறன்” என்றாள்.