யானைச் சைரனுக்கு ஒரு பற்றரி

அண்ணா செய்த யானைச் சைரன் ஒருநாளும் வயலில் ஒலிக்கவில்லை. எங்கள் வீட்டு விறாந்தையிலேயே அதன் கதை முடிந்துபோனது.

ஒட்டுசுட்டானில் காட்டை ஒட்டியது எங்கள் வயல். கதிர் முற்றுவது யானைக்கு எப்படித்தான் தெரியுமோ, அதன்பிறகு ஓயாது. அப்பா பொழுதுபட்டதும் டோர்ச்சும் யானை வெடியுமாகக் காவல் கொட்டிலுக்குப் போய்விடுவார். அவரை வீட்டில் படுக்கவைக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அண்ணா கிளம்பினான். வயலைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி. யானை அதில் முட்டினால் சைரன் அலறும். அதை இயக்குவது பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போட், உள்ளங்கை அளவு மின்சுற்றுப் பலகை. வீட்டில் கணினியில் கொளுவியபோது அது அலறிய அலறலில் கோழிகள் வேலி பாய்ந்தன. வயலில் கரண்ட் இல்லாததால் அப்பாவின் மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றி வைத்தான்.

"பன்னிரண்டு வோல்ட்டை நேர குடுத்தா போட் எரிஞ்சுபோமப்பா. அஞ்சாக் குறைக்கிற சாமான் சனிக்கிழமை வவுனியாவில வாங்கியாறன். மீற்றர் பிடிச்சுப் பார்த்துத்தான் கொளுவோணும். அதுவரைக்கும் தொடாதேங்கோ."

"கரண்டே இல்லாத காலத்தில றேடியோ கேட்டனாங்களடா," என்றார் அப்பா. பெருமையடிக்க அவரிடம் வேறு அதிகம் இருக்கவில்லை.

அம்மா அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தா. இனிக் கிளினிக்குக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கோ பெரிய சந்தோஷம். அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா டோர்ச்சை எடுத்தபோது, அம்மா படுக்கையில் இருந்தபடி, "இண்டைக்கு ஒருநாள் வீட்டில நில்லுங்கோவன்," என்றா. அம்மா இலேசில் எதையும் கேட்கிற ஆள் இல்லை. முதல்நாள்தான் யானை பக்கத்து வயலை உழக்கிவிட்டுப் போயிருந்தது. அப்பா டோர்ச்சைத் திரும்ப வைத்துவிட்டு, அண்ணாவின் போட்டை எடுத்துக்கொண்டு விறாந்தையில் குந்தினார். அண்ணா ரியூசனுக்குப் போயிருந்தான்.

சண்டைக் காலத்தில் றேடியோவையும் இப்படிப் பற்றரியில்தான் பாடவைப்பார்கள், அதற்கு அகப்பட்ட வயர்தான். சிவப்பு, கறுப்பு பார்க்க வழியில்லை. ஒரு பக்கம் கொடுத்துப் பாடாவிட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். அந்த றேடியோக்கள் பாவம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டன. அப்பா பற்றரியை நேரே போட்டுக்குக் கொடுத்தார். சத்தமில்லை. வயரை மாற்றிக் கொடுத்தார். டப்பென்று வெடித்துப் புகை வந்தது.

அண்ணாவுக்கு வாசலிலேயே மணம் பிடிபட்டுவிட்டது.

"கொளுவிப் பார்த்தனான் தம்பி," என்றார் அப்பா.

அண்ணா போட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். "பரவாயில்லையப்பா, விடுங்கோ. இண்டைக்கு நான் வயலுக்குப் போறன்."

"வேண்டாம். யானையோட உனக்குச் சரிவராது. நீ அம்மாவோட நில்."

இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு போட்டுக்காக இப்படி அழுகிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

அந்த அறுவடையை அம்மா காணவில்லை. அப்பா கொட்டிலில் நின்ற ஒரு விடியலில், அண்ணாவின் கையைப் பிடித்தபடி போய்விட்டா. அப்பா சேற்றுக் காலோடு ஓடி வந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

ஆனால் அந்த வியாழக்கிழமை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு யானைப் பயம், அதுதான் அப்பாவை மறிக்கிறா என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, பெரிய மனிசி மாதிரி ஆறுதல் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. யானை வீட்டுக்கெல்லாம் வராது."

அம்மா என் தலையைத் தடவினா.

"ஓம் பிள்ளை, வராது," என்றா.