செபஸ்தியாரின் அம்பு

குளுவாங் ஸ்டேஷனில் எங்கள் ரயில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது. பிளாட்பாரத்தில் ஒரே மேளச் சத்தம். ரப்பர் தோட்டத்து ஜனங்கள் ஒரு நீளப் பெட்டியை இறக்கி, மாதாகோயில் போய்ச் சேரும் வரை பொறுக்காமல் அங்கேயே திறக்கிறார்கள். சிங்கப்பூரில் புது வர்ணம் பூசிக்கொண்ட மரச்சிலைச் செபஸ்தியார், உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி வைக்கோலிலிருந்து எழுந்து நிற்கிறார்.

ஒரு நடுவயதுப் பெண் அவர் தொடையிலிருக்கும் அம்பைப் பிடித்து இழுக்கிறாள். வரவில்லை.

"என்னம்மா, சாமி அம்பையே புடுங்கறீங்க?" என்கிறேன்.

"அம்பு பட்டும் அவரு சாகலைங்கய்யா. ஒரு அம்மா எல்லாத்தையும் எடுத்து, காயத்த ஆத்தி, எழுப்பி விட்டாங்க. அதான், காய்ச்சல்ல பொழச்சவங்க நாங்க ஆளுக்கு ஒண்ணு புடுங்குவோம். நான் போன வாரந்தான் எந்திரிச்சேன். ஐயோ, அலமாக்! சாயம் அடிச்ச சீனரு, அம்பு ஆடுதேன்னு பசை போட்டு ஒட்டிட்டாரு!"

இரண்டு பேர் சாமியின் இடுப்பைப் பிடிக்கிறார்கள். நானும் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் மூச்சைப் பிடித்து இழுக்க, அம்பு கையோடு வருகிறது. அவளும் வைக்கோலில் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாள். சிரிப்பில் மேளக்காரருக்குத் தாளம் தப்புகிறது.

தச்சர் ஒருவர் உளியோடு வருகிறார். "மத்ததையும் இளக்கி விடட்டுமா?"

"வேணாண்ணே," என்கிறாள் அவள், உட்கார்ந்தபடியே. "காய்ச்சல் கண்ட மத்தவங்க இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்காங்க. ஒட்டுன அம்பையே புடுங்கற தெம்போட வரட்டும்."