கடிகாரத்துக்குச் செய்த சவப்பெட்டி

முத்தியால்பேட்டையில் மரியசூசை மேஸ்திரியின் பட்டறைக்கு நான் வேலை கேட்டுப் போன அன்று, அவர் ஒரு புதுச் சவப்பெட்டிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன்.

"யாரு செத்தா?" என்று ஆவலாக எழுந்து உட்கார்ந்தார்.

"யாரும் சாவலிங்க. வேல கேட்டு வந்தேன்."

அவர் முகம் வாடியது. "சாவறதுக்கே ஊர்ல ஆளு இல்ல. நீ வேற."

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேக்குப் பெட்டியும் பித்தளைக் கைப்பிடியும் கேட்டு வாங்கும் வசதியான குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. இங்கே சாகவேண்டியவர்கள் எல்லாம் பிரான்சுக்குப் போய்ச் சாகப்போகிறார்கள் என்பது மேஸ்திரியின் வருத்தம்.

நான் அஞ்சாம் வகுப்போடு ஓடியவன். மரக்காணத்தில் உப்பு வாரினேன், விழுப்புரத்தில் ஓட்டலில் மாவாட்டினேன். இங்கே சம்பளம் கிடையாது. இரண்டு வேளைச் சோறு, படுக்க மரத்தூள் மூட்டை. மூட்டை மெத்தென்று இருந்ததால் தங்கிவிட்டேன். ஆனால் பொங்கலுக்குள் நல்ல வேலை வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மில்லுக்குப் போய்விடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

மதாம் கொடுத்த வேலை

மதாம் தெரேஸ் நம்மூர்க்காரர்தான். வியட்நாமில் சைகோனில் பிரெஞ்சுக்காரரிடம் உத்தியோகம் பார்த்த கணவரை 'முசே' என்றுதான் சொல்வார்; அவர் இறந்துவிட்டார். பிரான்சில் இருக்கும் மகனிடம் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, ஆளுயரக் கடிகாரம் ஒண்ணு இருக்கு. எங்க முசே சைகோன்ல வாங்குனது. அவரு போனப்பறம் வீட்டுல என்கூடப் பேசறது அது ஒண்ணுதான். கண்ணாடி ஒடயாம கப்பலேறணும். பெட்டி செய்வீங்களா?"

சாமான் பெட்டி ஒன்றுகூடச் செய்தறியாத மேஸ்திரி, "செய்யறேன் மதாம்" என்றார்.

"ஒடஞ்சா?"

"பட்டறையவே மூடிடறேன்."

எப்படியும் மூடப்போகிற பட்டறையைப் பந்தயம் வைத்த அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது.

கடிகாரத்தைப் படுக்கவைத்து, ஆளை அளப்பதுபோல நூல் பிடித்து அளந்தார். தோள் அகலம், கால் குறுகல். உள்ளே தேங்காய்நார்ப் படுக்கை, வெள்ளைத் துணி, தலைமாட்டில் தலையணை. வெளியே கறுப்பு வார்னிஷ், பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடிகள். கடைசியில் மூடியின்மேல் சிலுவையும் அடித்தார்.

"கடிகாரத்துக்கு எதுக்குங்க சிலுவ?"

"இருந்துட்டுப் போவட்டும்டா. வெறும் மூடியப் பாத்தா மூளியாத் தெரியுது."

கடற்கரையில்

பழைய கடற்பாலம் புயலில் போயிருந்தது. கரையிலிருந்து படகில் ஏற்றித்தான் தூரத்தில் நிற்கும் கப்பலுக்குச் சாமான் போகவேண்டும். படகாட்கள் பெட்டியைத் தலையில் தூக்கிப் போய்ப் படகுக்குள் வீசுவார்கள். நாங்கள் போனபோது ஒரு வக்கீல் வீட்டுப் பீங்கான் பெட்டி அப்படித்தான் விழுந்து கலகலத்தது. வக்கீலின் மனைவி கரையில் நின்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பெட்டி மாட்டுவண்டியிலிருந்து இறங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. படகாட்களுக்குத் தலைவரான தண்டல் ஏழுமலை, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

"அலுங்காமத் தூக்குங்கடா. பெரிய மனுசன் போலருக்கு."

ஆறு பேர், ஆளுக்கொரு கைப்பிடி. ஒருவன் என்னிடம் கிசுகிசுத்தான். "வயசு என்னா இருக்கும்?"

"முப்பது இருக்கும்." கடிகாரத்தின் வயதைத்தான் சொன்னேன்.

"அய்யோ, சின்ன வயசு!"

இடுப்பளவு தண்ணீரில் ஓர் அலை அடித்தது. ஓடாமல் நிறுத்திவைத்திருந்த கடிகாரம் அந்த ஆட்டத்தில் உள்ளேயிருந்து டாங், டாங் என்று அடித்தது. இரண்டு பேர் கைப்பிடியை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். ஏற்கெனவே படகில் ஏறியிருந்த மதாம், "பயப்படாதீங்கப்பா, அது என் கடிகாரம்!" என்று கத்தினார்.

மற்ற நால்வரும் பெட்டியைப் படகில் வைத்தார்கள். மதாம் அங்கேயே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவல மேஸ்திரி!" என்று கையை ஆட்டினார்.

தண்டல் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். நான் ஓடத் தயாராக நின்றேன்.

"யோவ், கடிகாரத்துக்கா துண்ட அவுத்தேன்? தண்ணிலயே போட்டிருக்கணும்யா."

"ஏன் போடல?" என்றார் மேஸ்திரி. பயத்தில் வாய் தவறி வந்த கேள்வி.

தண்டல் கோபத்தை மறந்து யோசித்தார். "எப்பிடிப் போடறது? ரெண்டு பேரு ஓடியும் நாலு கை கைப்பிடியப் புடிச்சிருக்குது. தலையில ஏத்தவும் முடியல, வீசவும் வழியில்ல."

வக்கீலின் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மேஸ்திரி, வீட்ல இன்னும் பீங்கான் இருக்கு. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு செய்யிங்க. சிலுவ மட்டும் வேணாம், எங்க வீட்டுக்காரரு பயந்துடுவாரு."

பிறகு

சிலுவை போயிற்று, கறுப்பு போயிற்று, பெட்டி சதுரமாயிற்று. ஆறு கைப்பிடியும் நார்ப்படுக்கையும் நின்றன. கப்பலேறும் வீடுகள் எங்களைத் தேடி வந்தன. கண்ணாடியைக் கையாளக் கற்றதால் நெல்லித்தோப்புக் கடைகளுக்குக் கண்ணாடி அலமாரியும் செய்தோம். எனக்குச் சம்பளம் வந்தது.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத வேலை வந்தால் உடனே கையை விரிக்காதீர்கள். தெரிந்த வேலையில் எந்தப் பாகம் அதற்கு உதவும் என்று பாருங்கள். அது எது என்று நமக்கே தெரியாமல் இருக்கலாம். திட்ட வருகிறவர் சொல்லிவிட்டுப் போவார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருவர் பட்டறைக்கு ஓடிவந்து, அப்பா இறந்துவிட்டார், பெட்டி வேண்டும் என்றார். மேஸ்திரி அலமாரிக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். நிமிராமலே, "கையில வேல நெறய இருக்கு. வர்ற வாரம் வாங்களேன்" என்றார்.

வந்தவர் தயங்கினார். "நான் வருவேன் மேஸ்திரி. அவரு தாங்கமாட்டாரே!"