பிள்ளைப்பாக்கத்துக் கிணறும் நான் போட்ட சிவப்பு வட்டமும்

ஓய்வு பெற்ற பிறகு நான் தனியாகப் போன ஊர்கள் எல்லாம் கோயில் ஊர்கள்தான். போன மாதம் ஒரு புதன்கிழமை மட்டும் ஒரு கிணற்றைப் பார்க்கப் போனேன்.

காரணம் ஒரு மின்னஞ்சல். ஐரோப்பாவில் ஒரு தகவல் மையம், பல நாடுகள் பகிர்ந்துகொள்ளும் கிணற்று நீர்மட்ட அளவுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது. செயற்கைக்கோள் சொல்லும் நிலத்தடி நீர்க்கணக்கு சரிதானா என்று பார்க்க, தரையில் டேப் விட்டு அளந்த பழைய அளவுகள் வேண்டுமாம். அங்கே வேலை செய்யும் மார்த்தா என்ற பெண் என் பழைய அலுவலகத்தில் முகவரி வாங்கி எழுதியிருந்தார்: அவர்கள் அனுப்பிய பதிவேட்டு நகலில் பிள்ளைப்பாக்கத்துக் கிணற்றின் கடைசி மூன்று வருட அளவுகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறது, பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியது' என்ற குறிப்பும் உங்கள் கையெழுத்தும். காரணம் நினைவிருக்கிறதா? விளக்கம் கிடைக்காவிட்டால் அவற்றைப் புதிய தொகுப்பில் சேர்க்க முடியாது.

நினைவிருந்தது. அப்போது நான் நிலத்தடி நீர் அலுவலகம் ஒன்றில் உதவியாளர். கிணறுகளை அளப்பவர்களிடமிருந்து மாதாமாதம் அஞ்சலட்டை வரும். அதிலுள்ள எண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, வரைபடத்தாளில் பென்சிலால் புள்ளி வைப்போம். நாலு மணி டீக்கு நாங்கள் ஐந்து பேரும் அவரவர் கிணற்றைப் பற்றிப் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுவதுபோலப் பேசிக்கொள்வோம். அந்த மேசை, அந்த மின்விசிறிச் சத்தம், பறக்காமலிருக்க அட்டைகளின் மேல் வைத்த கூழாங்கல் எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஒரு மழை மாதம். எல்லாக் கிணறும் ஏறியிருக்க, பிள்ளைப்பாக்கம் மட்டும் அரை மீட்டர் இறங்கியிருந்தது. அளக்காமல் வீட்டிலிருந்தே எழுதுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. வட்டம் போட்டேன். அடுத்தடுத்த மாதங்களுக்கும் அதே. மூன்று வருடம் கழித்துக் கிணற்றையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தாம்பரத்தில் காலை 8.10க்குப் பேருந்து, டிக்கெட் 35 ரூபாய். படப்பை வழியாக 9.20க்கு ஒரகடம் கூட்டுரோடு. அலுவலக ஜீப்பில் வேறு கிணறுகளுக்குப் போன காலத்தில் இங்கே இறங்கி டீ குடித்துவிட்டு, வண்டி ஏதும் வருகிறதா என்று பார்க்காமலே சாலையைக் கடப்போம். இப்போது புதுக் கார்களை ஏற்றிய ட்ரெய்லர்கள் விட்ட இடைவெளியில் கடக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

பிள்ளைப்பாக்கத்துக்கு ஆட்டோ, எட்டு கிலோமீட்டர், 200 ரூபாய்.

"எந்தக் கம்பெனி மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"கம்பெனி இல்லை. ஒரு கிணறு."

"கெணறுன்னா, அது புதுக் கம்பெனியா?"

பதிவேட்டில் அளப்பவர் பெயர் ஏழுமலை. விசாரித்துப் போனால், அவர் இறந்து ஆறு வருடமாகிவிட்டது. மனைவி ராணி இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை, மதிய ஷிப்டுக்கு ஒன்றரை மணிக்கு வேன் வரும் என்றார். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"அவரு மொத ரெண்டு வருசந்தான் மேடம் அளந்தாரு. அப்பால மறைமலை நகர்ல வேலை கெட்ச்சுது, ஷிப்டு, ஓவர்டைம்னு போய்ட்டாரு. நாந்தான் டேப் வுட்டுக்கினு இருந்தேன்."

வட்டம் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். மழை மாதத்தில் அரை மீட்டர் இறங்கியதாக வந்த அட்டையைப் பற்றியும்.

"கன்னுக்குட்டி ஒண்ணு உள்ள வுழுந்துட்ச்சு. அதுக்குத்தான் சுவத்த ஒசத்தி கட்னாங்க. அந்த மாசம் கார்டுலயே ஓரமா எழுதி அனுப்சேனே. நீங்க பாக்கலியா?"

சுவரின் மேல்விளிம்பிலிருந்துதான் தண்ணீர்வரை அளப்பது வழக்கம். சுவர் உயர்ந்தால், தண்ணீர் இறங்காமலே இறங்கியதுபோல் காட்டும்.

"பார்க்கலை. நாங்க எண்ணை மட்டும்தான் எடுத்து எழுதுவோம்," என்றேன்.

"வா, போய் அளந்துர்லாம்," என்று செருப்பை மாட்டினார். மேடம் போய் 'வா' வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கிணறு இப்போது ஒரு கிடங்கின் மதிலுக்குள் இருக்கிறது. காவலாளி திருநெல்வேலிக்காரர்.

"கெணத்தப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்திய?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சூப்பர்வைசருக்கு போன் போட்டார். அனுமதி வர நாற்பது நிமிடம். ராணி வேன் நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஆனால் போகலாம் என்று சொல்லவில்லை.

கிணற்றின்மேல் இரும்புக் கம்பிவலை. சுவரில் படர்ந்திருந்த கொடியை ராணி விலக்கினார். கீழே பழைய செங்கல், மேலே சிமென்ட் கல், நடுவில் தெளிவாக ஒரு கோடு. டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். எழுபத்தாறு சென்டிமீட்டர். அப்படியென்றால் அந்த மாதம் தண்ணீர் அரை மீட்டர் இறங்கவேயில்லை. இருபத்தாறு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. மற்ற கிணறுகளைப் போலவே.

படங்கள் எடுத்தேன். பிறகு அந்த மையத்தின் வரைபடத்தை என் போனில் காட்டினேன். நாடு நாடாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கிணறு.

"இதுக்கெல்லாம் யாரு டேப் வுட்றாங்க?"

"அந்தந்த ஊர்க்காரங்கதான்."

"அவங்களும் மழைல நனைஞ்சிக்கினுதான் போவாங்க போல," என்றார். அளந்தவர் என்று யார் பெயரைப் போடச் சொல்லட்டும் என்று கேட்டதற்கு யோசித்துச் சொன்னார்: "அவரு பேரும் இருக்கட்டும். அளந்தது நான்னு போடு."

இப்படி ஒரு கிணற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு: வார நாளில், பத்து மணிக்கு முன் ஊர் சேருங்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். ஆதார் அட்டை இல்லாமல் எந்தக் கேட்டிலும் விடமாட்டார்கள். ஐந்து மீட்டர் டேப், தொப்பி, தண்ணீர் அவசியம். திரும்ப ஒரகடத்திலிருந்து 2.05க்குப் பேருந்து, வாலாஜாபாத்திலிருந்து வருவதால் உட்கார இடம் கிடைக்காது. முக்கியமாக, பதிவேட்டில் பெயர் இருப்பவரோடு நிறுத்தாமல் வீட்டில் மற்றவர்களிடமும் கேளுங்கள். அந்த மேசையை நினைக்கும்போது இப்போது ஏக்கத்தோடு கொஞ்சம் கூச்சமும் வருகிறது. எத்தனை ஓரக்குறிப்புகளை அங்கே தவறவிட்டோமோ.

பதினோரு நாள் கழித்து மார்த்தா பதில் எழுதினார். அளவுகளைத் திருத்திச் சேர்த்துவிட்டார்கள். அளந்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. ராணிக்கு போன் செய்தேன். கேன்டீன் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்த மாசம் தண்ணி ஏறிச்சுன்னு இப்ப காட்டுதா?"

"காட்டுது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று போனை வைத்துவிட்டார்.