மருந்து அடித்த மறுபாதி

பூவாத்தாள் இரண்டு கையிலும் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு அன்றைய சந்தை வண்டிக்கு வெண்டைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். சுணை அரிப்புக்கு அதுதான் காப்பு. வயது ஐம்பத்து மூன்று. வலது முட்டி வீக்கம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் குத்தகைக் காடு. நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் முட்டிக்குக் கட்டுப் போட அந்த வியாழக்கிழமை போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அங்கன்வாடிப் பிள்ளைகள் பதினாறு பேர் அந்தக் காட்டுக்கு வருவார்கள். தட்டில் காய் விழுந்தால் ஒதுக்குகிற கூட்டம், தன் கையால் ஒடித்ததைப் பச்சையாகவே கடித்தது. நான்கு வயது சௌமியா வாயில் வைத்த முதல் காயே அந்த வெண்டைதான்.

திடீரென்று பூச்சிமருந்து வாடை. மறுநாள் ஒடிக்க விட்டிருந்த மறுபாதியில் அவள் கணவர் குழந்தைவேல் டேங்கை முதுகில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாளைக்குப் பிள்ளைங்க வாராங்கல்ல? சனிக்கிழமைதான அடிப்பீங்க?" என்றாள் பூவாத்தாள்.

"புழு கெழமை பாத்தா வருது? கழுவிக் குடு."

"கழுவினாப் போகாதுங்க" என்றேன்.

பூவாத்தாள் டீச்சர் சத்யபிரியாவுக்குப் போன் போட்டாள். "மருந்து அடிச்சாச்சுங்க டீச்சர். பிள்ளைங்க வாயில வெக்கக் கூடாதுங்க."

"சரிங்க அக்கா. அப்பச் சந்தைக்குப் போற காயி?"

அவள் போனை வைத்துவிட்டாள். அடித்த மறுநாளே ஒடித்து வண்டியேற்றுவதுதான் இத்தனை வருடப் பழக்கம். விட்டால் முற்றிவிடும். கட்டு இறுக்குகிறதா என்று கேட்டேன்.

"எல்லாமே இறுக்கந்தானுங்க" என்றாள்.

மறுநாள் காலை மருந்து அடித்த பக்கம் கிழிந்த சேலையைக் குறுக்கே கட்டினாள். கிணற்று மேட்டில் வீட்டுச் சமையலுக்கென்று மருந்தே காட்டாமல் விட்டிருந்த நான்கு வரிசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனாள். சௌமியா ஒரு காயை நீட்டினாள்.

"இதுல புழு இருக்குது."

"அது தின்னுட்டு உசுரோடதான சாமி இருக்குது? அந்த எடத்தக் கிள்ளிப் போட்டுட்டுத் தின்னு."

தின்றாள். நான்கு வரிசையும் மொட்டையானது.

பத்து மணிக்குச் சந்தை வண்டி ஹார்ன் அடித்தது. "காய் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று கையை ஆட்டினாள்.

"அத்தனையும் முத்திப் போகுமே புள்ள" என்றார் குழந்தைவேல்.

"போகட்டுங்க. எருக்குழியில கொட்டிக்கலாம்."

அன்றைக்கு அவள் வீட்டில் வெறும் ரசம்.