சீசருக்கு ஒரு கழுத்தெலும்பு

போன வாரம் திருப்பரங்குன்றத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஐஸ் கட்டி தேடி ஃப்ரீசரைத் திறந்தால், பேத்தியின் குல்ஃபிக்குப் பக்கத்தில் பாலிதீன் பைக்குள் ஒரு பச்சை எலும்பு. பையின் மேல் அச்சடித்த படத்தில் ஒரு நாய் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. "அது ப்ரூனோவுக்கு மாமா, எடுத்துறாதீங்க" என்றாள் மருமகள், நான் என்னவோ அதைக் கடிக்கப் போகிறவன் மாதிரி. ப்ரூனோ அவர்களுடைய நாய். சோபாவில் எனக்கு இடம் விடாமல் படுத்திருந்தது. நாய்க்கு எலும்பு கொடுப்பது எப்படி என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கொடுக்கிறார்களாம். மருமகள் பையைக் கத்தரித்ததும் அந்த வாசனை வந்தது. குளிர்ந்த ரத்தமும் கொழுப்பும் கலந்த கறிக்கடை வாசனை. எனக்கு அவனியாபுரம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. லாரி ஆபீஸ் ஒன்றில் பில் எழுதும் வேலை. ஞானராஜ் சார் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சார் ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் பள்ளிக்குத் தெரியும், அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. என் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட கீழேயிருந்து குரல் வரும். அவர் மனைவி எஸ்தர் டீச்சர் அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர். காலையில் பேப்பர் வந்ததும் டீச்சர்தான் முதலில் பிரிப்பார். சார் குளித்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் அதை அவர் கையிலிருந்து உருவிக்கொள்வார். டீச்சர் பாதி வரியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் மாடிப்படியில் நின்று பல் துலக்கிக்கொண்டே இதைப் பார்ப்பேன். எத்தனை கொலை வழக்குகளில் கொலைகாரன் யாரென்றே தெரியாமல் அந்த அம்மா வாழ்ந்தாரோ!

அவர்கள் வீட்டு நாய் சீசர். பெயர்தான் ரோமாபுரி, ஆள் அசல் தெருநாய்க் குட்டி. செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். அதற்குத் தினமும் தயிர்சாதம். "பச்ச மாமிசம் குடுத்தா ரத்த ருசி கண்டுரும் தம்பி. அப்புறம் நம்ம பேச்சக் கேக்காது" என்பது சாரின் கொள்கை. அவர் மட்டும் ஞாயிறு தவறாமல் நல்லி எலும்பை உறிஞ்சுவார். யார் பேச்சையும் கேட்டதில்லை. சாயங்கால ஜெபத்திலும் சீசர் உட்கார்ந்தாக வேண்டும். பாவம், ஆமென் வரைக்கும் உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள், கோழி பிரியாணி. சார் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். எல்லோர் தட்டிலிருந்தும் எலும்பை வழித்து, தன் கையாலேயே சீசருக்குக் கொட்டினார். "இதெல்லாம் வெந்தது, ஒண்ணும் பண்ணாது" என்று எங்களுக்கு ஒரு பாடமும் நடத்தினார். பரீட்சை மறுநாள் வந்தது. சீசர் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. வாந்தி, பின்பக்கம் ரத்தம். தொட்டால் முனகியது. டீச்சர் முந்தானையால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, ஆட்டோ பிடிங்க" என்றார். நான் ஓடினேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம்பெண் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"வெந்த எலும்பு யாரு போட்டது?"

"வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க" என்றார் சார். சொன்னது முழுக்க உண்மைதான். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வெந்தா எலும்பு சிம்பு சிம்பா ஒடையும் சார், ஊசி மாதிரி குத்தும். இது தானா வெளிய வரலேன்னா வயித்தக் கிழிக்கணும். பொழைக்கும்னு இப்ப சொல்ல முடியாது."

ஊசி, மருந்து, குளுக்கோஸ். டீச்சர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சார் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார், பரீட்சை ஹால் மேற்பார்வைபோல. மறுநாள் எலும்பு தானாக வெளியே வந்தது. எங்கே வந்தது, எப்படி வந்தது என்பதை சார் சர்ச்சில் சாட்சியாகச் சொல்லக் கிளம்பினார். டீச்சர்தான் தடுத்தார்.

போகும்போது டாக்டர் சொன்னார்: "உடம்பு தேறட்டும். அப்புறமும் கடிக்க ஆசப்பட்டா பச்ச எலும்பு குடுங்க. சதையோட கழுத்தெலும்பு, வாய்க்குள்ள மொத்தமாப் போகாத அளவுல பெருசா. தொடையெலும்ப அறுத்துப் போட்டா பல்லு ஒடஞ்சிரும். கடிக்கிறப்ப ஆளு பக்கத்துல இருக்கணும். சின்னதாயிட்டா வாங்கிரணும், இல்லேன்னா முழுங்கிரும். முடிஞ்சதும் எடத்தையும் கையையும் நல்லாக் கழுவுங்க."

எலும்பு வாங்கும் பொறுப்பை சாரே எடுத்துக்கொண்டார். கறி வாங்காமல் எலும்பு மட்டும் கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். கறிக்கடையில் தெருவுக்கே கேட்கும்படி, "நாய்க்கு!" என்றார். கடைக்காரர் காதர் பாய் நிமிரவே இல்லை. "எலும்பு மட்டும் கேக்குற எல்லாரும் நாய்க்குன்னுதான் சார் சொல்றாக. இந்த ஏரியாவுல அம்புட்டு நாய நான் பாத்ததே இல்ல." வரிசையில் நின்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் சார் சீசரையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார், சாட்சிக்கு.

பின்பக்கம் துவைகல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் எலும்பைப் போட்டார்கள். முன்னங்கால்களால் அதை அமுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி சீசர் கடித்ததே, அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த மனிதன் முகத்திலும் கண்டதில்லை. சார் நாற்காலி போட்டுக் காவலிருந்தார். எலும்பு சிறுத்ததும் எழுந்தார். "சீசர்! குடு!" பல தலைமுறைப் பையன்களை நடுங்கவைத்த குரல். சீசர் உறுமியது. சார் குனிந்து பிடுங்கினார். சீசர் கையைப் பிடித்துவிட்டது.

ஆழமில்லை. ஆனாலும் ஊசி போட வேண்டியதாயிற்று. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குள் வந்ததும் சார் கத்தினார்: "நான் சொன்னேன்ல, ரத்த ருசின்னு! பரவையில நம்ம ஆளு ஒருத்தரு தோட்டம் வச்சிருக்காரு. நாளைக்கே இத அங்க ஏத்திவிடுறேன்."

டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அது பாட்டுக்குத் தின்னுச்சு. நீங்க பிடுங்கினீங்க, கடிச்சிருச்சு. நீங்க எங்கிட்டப் பிடுங்குறப்ப நான் கடிக்கலேங்கிறதுனால, எல்லாரும் அப்படியே இருப்பாகன்னு நெனச்சீகளோ? சீசர் பரவைக்குப் போனா அதே வண்டியில நானும் போறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. வாடகை கொடுக்க வந்து வாசலில் நின்ற நான், சத்தமில்லாமல் மாடியேறினேன். அன்று சாயங்காலம் கீழே ஜெபம்கூட நடக்கவில்லை. மறுநாள் வண்டி எதுவும் வரவில்லை.

அடுத்த முறை டீச்சரே காவலிருந்தார். எலும்பு சிறுத்ததும் உரித்த அவித்த முட்டையை நீட்டினார். சீசர் எலும்பைப் பார்த்தது, முட்டையைப் பார்த்தது, எலும்பை விட்டுவிட்டு வந்தது. முட்டையைச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டு டீச்சர் எலும்பை எடுத்துக்கொண்டார். சார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காதவர்போல.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, மாடியிலிருந்து கண்டேன். சார் முட்டையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "சீசர்… இந்தாடா, அதக் குடுத்துரேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவருக்குள் இருப்பது எனக்கு மட்டுமல்ல, அவருக்குமே புதுசாகத்தான் இருந்திருக்கும். சீசர் கொடுத்துவிட்டது. மறு ஞாயிறே, நாயிடம் எதையும் பிடுங்கக் கூடாது, மாற்றுப் பொருள் கொடுத்து வாங்க வேண்டும் என்று தான் கண்டுபிடித்ததுபோல சர்ச் வாசலில் வகுப்பெடுத்தார். டீச்சர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

பேப்பர் விஷயத்திலும் மாற்றம் வந்தது. அடுத்த மாதம் முதல் அந்த வீட்டுக்கு இரண்டு பேப்பர் வந்தது. டீச்சரிடம் கேட்டு வாங்கும் அளவுக்கு மனுஷன் இறங்கவில்லை. ஆனால் டீச்சருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிய ஆரம்பித்தது.

கல்யாணமாகி நான் வேறு பக்கம் போய்விட்டேன். சீசர் கிழடாகி, கடிக்கப் பல்லில்லாமல், கஞ்சி குடித்துச் செத்ததாகக் கேள்விப்பட்டேன். டீச்சரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சார் போனது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பெங்களூரில் இருந்த மகன்கள் வீட்டை விற்றுவிட்டார்கள்.

மகன் வீட்டிலிருந்து திரும்பும்போது அவனியாபுரத்தில் இறங்கி அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. துவைகல் எங்கே இருந்திருக்கும் என்று கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். செக்யூரிட்டி வந்துவிட்டார்.

"யாரப் பாக்கணும்ணே?"

"இங்க எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க இருந்தாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஃபிளாட் நம்பர் சொல்லுங்க."

"நம்பரெல்லாம் இல்லப்பா. டீச்சர் வீடுன்னா எல்லாருக்கும் தெரியும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பர் இல்லாம இங்க யாருக்கும் யாரையும் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்த காருக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.