படகு ஓடவில்லை என்றொரு கட்டம்

கிறிஸ்ரினாவுக்குக் கோபம் வந்தால் முதலில் அறிவது அவளுடைய கீபோட்தான். எழுத்துகள் தேய்ந்த அந்தப் பலகையில் அவள் தட்டுகிற சத்தம் மருந்துக்கு நிற்கிற வரிசைவரை கேட்கும். "இண்டைக்கு அக்காவோட கதைக்கப் போகாதேங்கோ" என்று நேர்ஸ்மார் ஆளுக்காள் சொல்லிக்கொள்வார்கள். மண்டைதீவில் பிறந்து ஊர்காவற்றுறையில் வாழ்க்கைப்பட்டவள். தீவுப் பகுதியின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடமாக கிளினிக் பதிவு செய்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமைக் கோபத்தைக் கொண்டுவந்தவள் அனலைதீவு எமிலி. சோளகக் காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் முதல் படகில் வந்து இறங்கியவள், மருந்து கொடுக்கிற இடத்தில் பெயர் இல்லை என்று திருப்பிவிட, கணவன் குருசுமுத்துவின் கிளினிக் கொப்பியை மேசையில் எறிந்தாள்.

"என்ர மனுசன்ர பேரை ஆர் வெட்டினது?"

"நாங்கள் ஏன் வெட்டுறம், எமிலி அக்கா? இருங்கோ, பாப்பம்."

பார்த்தாள். இருதய நோயாளர் பட்டியலில் குருசுமுத்து இல்லை. மாதத்தின் முதல் வியாழனில் பட்டணத்திலிருந்து இருதய டொக்டர் வருவார். தொடர்ந்து மூன்று தரம் அவரிடம் வராதவர்களின் பெயரைக் கணினி தானாகவே கழித்துவிடும். மறுபடி சேர்வதற்குப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் சிபாரிசுத் துண்டு வேண்டும், அதற்கு இரண்டு மாதமாவது அலைய வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மருந்தும் இல்லை.

"குளிசை முடிஞ்சு அஞ்சு நாள். நாலடி நடந்தா மூச்சு வாங்குது. மூண்டு வியாழனும் சோளகம் அடிச்சு படகு ஓடேல்லை. மனுசன் நீந்தியே வாறது? வரேல்லையெண்டு எழுதினது ஆற்ற கை?"

"என்ர கைதான்" என்றாள் கிறிஸ்ரினா.

எமிலி அதை எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்ரினா அவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய், கடமையில் இருந்த டொக்டரிடம் மன்றாடி, பதினாலு நாளைக்குக் குளிசை வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த இருதய கிளினிக்குக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் மனிதன் திரும்பவும் மருந்தில்லாமல் கிடப்பான்.

திரும்பி வந்து, கணினியில் இருந்த பதிவுப் படிவத்தைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தலைப்பில் வீட்டு இலக்கம், வீதி, தபால் குறியீடு. அனலைதீவில் வீட்டு இலக்கத்துக்கு எங்கே போவது? எல்லோருக்கும் ஒன்று என்று போட்டுப் போட்டு, அந்தத் தீவே ஒரே வீட்டில் குடியிருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. நோயாளி வந்தாரா இல்லையா என்பது அடியில், உருட்டிப் போனால்தான் தெரியும். அங்கே 'வரவில்லை' முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கீபோட்டில் 'என்ரர்' கட்டையைத் தட்டித் தட்டியே ஆறு வருடம் ஓட்டியிருக்கிறாள். அதுவும் யன்னலுக்கு வெளியே கடல் அடிக்கிற சத்தம் காதில் விழ விழ, கடற்கரையில் பிறந்த ஒருத்தி! தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போலிருந்தது.

அன்று மத்தியானச் சோற்றுப் பார்சல் பிரிக்கப்படவில்லை. தங்கள் ஆஸ்பத்திரிக் கணினியில் படிவத்தைத் திருத்த அவளுக்கு வழி இருந்தது, இதுவரை அதைத் தொட்டதில்லை. வீட்டு இலக்கத்தை அடிக்குத் தள்ளி, இறங்குதுறையின் பெயரை மேலே ஏற்றினாள். வருகையை முதல் வரிசைக்குக் கொண்டுவந்து, நிரம்பியிருந்த 'வரவில்லை'யைத் துடைத்தாள். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: படகு ஓடவில்லை. அதைத் தொட்டால் வரிசை முழுவதும் சிவக்கும், மூன்று தரக் கணக்கில் அது சேராது. பிறகு துறைமுகத்துக்குப் போன் எடுத்துப் படகு நின்ற நாட்களைக் கேட்டு எழுதி, குருசுமுத்துவின் மூன்று வியாழனையும் திருத்தினாள். பெயர் பட்டியலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை பட்டணத்திலிருந்து பதிவுப் பகுதி அதிகாரி துஷ்யந்தன் வந்தார். திரையைக் கண்டதும் முகம் கறுத்தது.

"ஆரைக் கேட்டு மாத்தினனீர்?"

"கடலைக் கேட்டு, சேர்."

"பகிடி விடாதையும். எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே படிவம். பெட்டியை இழுத்து, நிறம் அடிச்சு விளையாடவே உமக்குச் சம்பளம்?"

"ஆளைக் கழிக்கக் கட்டம் வைச்ச ஆக்களுக்கு, ஏன் வரேல்லையெண்டு கேக்க ஒரு கட்டம் வைக்க ஏலாமல் போச்சுதே?"

"வாற வியாழனுக்கு முதல் பழையபடி இருக்கவேணும். இல்லாட்டி மேலிடத்துக்கு எழுதுவன்."

"எழுதுங்கோ, சேர்."

அவர் செவ்வாய்க்கிழமை அனலைதீவு மருந்தகத்தின் பதிவுகளைப் பார்க்கப் போனார். அன்று பின்னேரமே சோளகம் எழும்பிவிட்டது. வியாழன் காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"கிறிஸ்ரினா, இந்தக் கிழமை எனக்கு உங்கட ஆஸ்பத்திரியிலதான் கடமை, என்ர வரவும் உம்மட கையிலதானே? வரேல்லையெண்டு போட்டிடாதையும். இஞ்ச படகு ஓடேல்லை."

"அதுக்குக் கட்டம் இல்லையே, சேர். பழையபடி மாத்தச் சொன்னனீங்கள்."

துஷ்யந்தன் காற்றின் இரைச்சலை மீறிக் கத்தினார்.

"மாத்திட்டீரே?"

"இன்னும் இல்லை."

"விடும். அப்பிடியே கிடக்கட்டும்."

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஒரு தீவே வருடக்கணக்காகச் சொன்னது ஏறாத காதில், ஒரு அதிகாரி இரண்டு நாள் மறிபட்டதும் ஏறிவிட்டது.

அன்று குருசுமுத்துவும் வரவில்லை. அவள் புதுக் கட்டத்தைத் தொட்டாள். வரிசை சிவந்தது, பெயர் அழியாமல் நின்றது. டொக்டர் ஆளையும் கொப்பியையும் பார்க்காமலே ஒரு மாதத்து மருந்தை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை வந்த படகில் துஷ்யந்தன் தலை கலைந்து இறங்கினார்.

"அங்க ஒரு வீட்டிலையும் இலக்கம் இல்லை" என்றார்.

அவள் குருசுமுத்துவின் குளிசைப் பொதியைப் படகோட்டியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை, ஆறு வருடத்தில் கழிந்துபோன அனலைதீவுப் பெயர்களைத் தேடி எடுத்தாள். பத்தொன்பது பேர். முதலாவது பெயர் அப்புத்துரை. போனை எடுத்தவள் மகள்.

"அப்பா மோசம் போய், அடக்கம் செய்தே ஒண்டரை வருசம், அக்கா. ஆஸ்பத்திரியில இன்னும் அவற்ற பேர் இருக்கே?"

இல்லை என்று கிறிஸ்ரினா சொல்ல வேண்டியிருந்தது.